கணக்கு மாத்திரையும் காரீயமும்

நம்மிடையே மனநல மருத்துவம் பற்றிப் பேச்சு எழுந்தால் மூன்றாவது வாக்கியத்தில் ஃபூக்கோ வந்துவிடுவார். நான்காவதில் அதிகாரம், ஐந்தாவதில் கண்காணிப்பு. ஆறாவது வாக்கியம் பெரும்பாலும் இருக்காது. முடிவு முன்கூட்டியே தெரிந்துபோன பிறகு விவரம் எதற்கு? மருத்துவத் தரப்பிலும் நிலைமை ஒன்றும் மேலானதல்ல. மூளையில் இன்ன ரசாயனம் குறைச்சல், மாத்திரை கொடுத்தால் சரியாகும் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஓரிடத்தில் உட்கார முடியாத, சொன்னதை முடிக்காத, பாதி வாக்கியத்தில் ஜன்னலுக்கு வெளியே போய்விடுகிற குழந்தை இந்த இரண்டு அவசரங்களுக்கும் நடுவில் நிற்கிறது. இன்று அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர், தமிழில் கவனக்குறைவு மிகைஇயக்கக் கோளாறு. இந்தக் கட்டுரை அந்தக் குழந்தைக்குக் கொடுக்கப்படும் மாத்திரையின் வரலாற்றைப் பற்றியது. கூடவே, அதனோடு சேர்த்துச் சொல்லப்படாமல் தனியே விடப்பட்ட ஈயத்தின் வரலாற்றையும் பற்றியது. இரண்டு வரலாறுகளும் ஒரே சாட்சியை நம்பி எழுந்தவை. அந்தச் சாட்சி வகுப்பாசிரியர்.

அடங்காத பிள்ளை எல்லாக் காலத்திலும் இருந்திருக்கும். அதை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டிய அவசியம்தான் இல்லாமல் இருந்தது. இங்கிலாந்தில் 1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. 1880இல் பள்ளிக்கு வருவது கட்டாயமாயிற்று. தெருவிலும் வயலிலும் பட்டறையிலும் திரிந்த பிள்ளைகள் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டார்கள். ஒரு தலைமுறை கழித்து, 1902 மார்ச்சில், ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியில் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார். புத்தியில் குறையில்லை, ஆனாலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாத சில குழந்தைகளைப் பற்றி அவர் பேசினார். ‘ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறைபாடு’ என்பது அவர் வைத்த பெயர். கட்டாயக் கல்விதான் இந்த நோயைப் பெற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோய் கண்ணில் படுவதற்கு ஒரு இடம் வேண்டும். எல்லாரும் அசையாமல் இருக்கிற அறையில்தான் அசைகிறவன் தெரிவான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஸ்டில்லின் சொல்லில் ‘ஒழுக்கம்’ இருக்கிறது. பாதிரியாரிடமிருந்து மருத்துவரிடம் கைமாறும்போது பழைய சொல் கூடவே வந்துவிட்டது.

ஒழுக்கம் மூளையாக மாறியது ஒரு கொள்ளைநோயின் வழியே. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, 1917இல் வியன்னாவில் வான் எக்கோனோமோ விவரித்த உறக்க மூளையழற்சி நோய், அடுத்த பத்தாண்டுகளில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றி வந்தது. பிழைத்த பெரியவர்களில் பலர் சிலைபோல உறைந்துபோனார்கள். பிழைத்த குழந்தைகளில் பலர் நேர்மாறாக ஆனார்கள்: நிலைகொள்ளாதவர்கள், முரடர்கள், எதிலும் நிற்காதவர்கள். நேற்றுவரை சாதுவாக இருந்த பிள்ளை காய்ச்சலுக்குப் பின் இப்படி ஆகிவிட்டால் அதன் ஒழுக்கத்தைக் குறை சொல்ல முடியாதல்லவா? நடத்தைக்குக் கீழே நரம்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சான்று அதுவரை கிடைத்ததில்லை. விபரீதம் என்னவென்றால், அதற்குப் பிறகு காய்ச்சலே வராத பிள்ளைக்கும் அதே தர்க்கம் திருப்பிப் போடப்பட்டது. மூளை பழுதானால் இப்படி ஆகும், இப்படி இருக்கிறான், ஆகவே மூளை பழுது. நியாய சாஸ்திரம் படித்த யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மருத்துவம் முப்பது வருஷம் இதை வைத்து ஓட்டியது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஜார்ஜ் பிராட்லி என்று ஒரு செல்வந்தர் இருந்தார். தொலைபேசி கண்டுபிடித்த பெல்லின் தொழில் கூட்டாளி. அவருடைய ஒரே மகள் எம்மா. ஏழு வயதில் மூளையழற்சி வந்து அவளுடைய உடலும் புத்தியும் பாதிக்கப்பட்டன, வலிப்பும் சேர்ந்துகொண்டது. எவ்வளவு பணம் இருந்தும் அவளுக்கென்று ஒரு மருத்துவமனை கிடைக்கவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்காக ஓர் இல்லம் அமைக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுத் தந்தை இறந்தார். 1931இல் ஈஸ்ட் பிராவிடன்ஸில் அந்த இல்லம் எம்மாவின் பெயரிலேயே திறக்கப்பட்டது. குழந்தைகளுக்கென்றே தனியாக எழுந்த முதல் மனநல மருத்துவமனைகளில் அது ஒன்று. அதன் மருத்துவர் சார்ல்ஸ் பிராட்லி, நிறுவனருடைய சகோதர வழிப் பேரன்.

அந்தக் காலத்தில் மூளையைப் படமெடுக்க ஒரு கொடுமையான முறை இருந்தது. முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி அங்குள்ள திரவத்தை எடுத்துவிட்டு, பதிலாகக் காற்றை ஏற்றி எக்ஸ்ரே எடுப்பார்கள். பிறகு குழந்தைக்குத் தாங்கமுடியாத தலைவலி வரும். இழந்த திரவம் சீக்கிரம் ஊறட்டும் என்ற எண்ணத்தில் பிராட்லி பென்ஸட்ரின் கொடுத்துப் பார்த்தார். பென்ஸட்ரின் என்பது ஆம்ஃபெடமின். ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனம் மூக்கடைப்புக்கு விற்றுக்கொண்டிருந்த சரக்கு. அப்போது அதற்குப் புதிய உபயோகங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இல்லத்துக்குள்ளேயே இருந்த பள்ளியின் ஆசிரியர்கள் வேறொன்றைக் கவனித்தார்கள். சில பிள்ளைகள் திடீரென்று பாடத்தில் உட்கார்ந்தார்கள், கணக்குப் போட்டார்கள். குழந்தைகளே அதற்கு ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 1937 நவம்பரில் பிராட்லி வெளியிட்ட அறிக்கையில் 30 குழந்தைகள், 5 முதல் 14 வயது வரை. ஒரு வாரம் மருந்து கொடுத்ததில் 14 பேருக்குப் பள்ளிப் படிப்பில் வியக்கத்தக்க முன்னேற்றம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம்முடைய வழக்கமான வாசிப்பில் இது ஒடுக்குமுறையின் பிறப்பிடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பிரதி அப்படி ஒத்துழைப்பதில்லை. இங்கே மருந்து யாரையும் அடக்குவதற்காகக் கொடுக்கப்படவில்லை, தலைவலிக்குக் கொடுக்கப்பட்டது. பலன் தெரிந்தது மருத்துவர் கண்ணுக்கல்ல, டீச்சர் கண்ணுக்கு. பெயர் வைத்தவர்கள் நோயாளிகள், அதுவும் கொஞ்சம் சந்தோஷமாகவே. கணக்கு வராத பிள்ளைக்குக் கணக்கு வந்தால் வரும் சந்தோஷத்தை ‘அதிகாரம் உடலில் செய்கிற வேலை’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. அதேசமயம் இன்னொன்றும் இங்கே நிலைபெற்றுவிட்டது. எது குணம் என்பதற்கு அளவு கணக்கு நோட்டு. தூக்கமோ, விளையாட்டோ, நட்போ, குழந்தை தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதோ அல்ல. மருந்தின் முதல் நாளிலேயே நோயின் வரையறை பள்ளிக்கூடத்திடம் போய்விட்டது.

பிராட்லியின் கண்டுபிடிப்பு ஏறக்குறைய இருபது வருஷம் தூங்கியது. அமெரிக்க மனநல மருத்துவத்தை அப்போது ஆண்டது ஃபிராய்டியம். மாத்திரைக்கு மரியாதை கிடையாது. இடைக்காலத்தில் வேறொரு வழியை முயன்றவர் ஆல்ஃபிரட் ஸ்டிராஸ், நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூத மருத்துவர். மிச்சிகனில் ஒரு பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்த அவர், லாரா லெஹ்டினனோடு சேர்ந்து 1947இல் ஒரு நூல் எழுதினார். அவர்கள் மாற்றச் சொன்னது வகுப்பறையை: சுவரில் படம் வேண்டாம், ஜன்னல் வழியே தெரு தெரிய வேண்டாம், மாணவர் எண்ணிக்கை குறைவாக இருக்கட்டும், டீச்சர் நகைநட்டு இல்லாமல் எளிய உடையில் வரட்டும். சிறைக்கொட்டடி போலத்தான் இருந்திருக்கும். ஆனாலும் பிள்ளைக்கு ஏற்றபடி அறையை மாற்ற வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொன்னதை மறக்கக் கூடாது. அந்த நூலில் நிலைத்தது அந்த யோசனை அல்ல, ‘மூளைச் சேதம்’ என்ற சொல். சேதத்தைக் கண்ணால் காட்ட முடியாததால் அது ‘குறைந்தபட்ச மூளைச் சேதம்’ ஆயிற்று. 1960களில் ‘குறைந்தபட்ச மூளைச் செயல்பிறழ்வு’ ஆயிற்று. 1966இல் அமெரிக்க அரசின் பணிக்குழு ஒன்று அதற்கு அறிகுறிகள் தொகுத்தது: மொத்தம் 99. அந்த வலையில் விழாத பிள்ளை ஏது!

ரிட்டலின் வந்த கதையில் கொஞ்சம் காதலும் உண்டு. 1944இல் ஸ்விட்ஸர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிட்ஸோன் மெத்தில்ஃபெனிடேட் என்ற பொருளைச் செய்தார். அவர் மனைவி மார்கரீட், செல்லமாக ரீட்டா, டென்னிஸ் ஆடப் போகும் முன் அதைச் சாப்பிட்டுப் பார்த்தாராம். மருந்துக்கு அவர் பெயரே வந்தது. 1954இல் சந்தைக்கு வந்தபோது அது களைத்துப்போன பெரியவர்களுக்கான மருந்து. குழந்தைகளிடம் வந்தது அடுத்த பத்தாண்டில். பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் லியோன் ஐஸன்பெர்கும் கீத் கானர்ஸும் அரசு நிதியில் முறையான சோதனைகள் நடத்தினார்கள். ஆறுதல் மாத்திரையோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று தெரியாமல் மறைத்துச் செய்த சோதனைகள். அந்த நேர்மையை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் மாற்றத்தை எப்படி அளப்பது? ரத்தத்தில் ஒன்றும் தெரியாது, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. 1969இல் கானர்ஸ் ஆசிரியர்களுக்கான ஒரு மதிப்பீட்டுப் படிவத்தை வெளியிட்டார். 39 வரிகள், ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’யிலிருந்து ‘மிக அதிகம்’வரை நான்கு படி. கட்டுரையின் தலைப்பு, குழந்தைகளிடம் நடத்தும் மருந்தாய்வுகளில் பயன்படுத்துவதற்கான ஆசிரியர் மதிப்பீட்டு அளவுகோல் என்பது. ஒளிவுமறைவே இல்லை. மருந்தின் விளைவை அளக்கச் செய்த கோல் காலப்போக்கில் நோயையே அளக்கும் கோலாயிற்று.

1970 ஜூனில் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தைக்காக மருந்து கொடுக்கிறார்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. அதில் சொன்ன 5 முதல் 10 சதவீதம் என்ற கணக்கு மிகையானது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் பயம் மிகையானதல்ல. நகரங்கள் எரிந்து அடங்கிய காலம் அது. தங்கள் பிள்ளைகளின் கோபத்தை மாத்திரையால் அணைக்கப் பார்க்கிறார்கள் என்று கறுப்பினப் பெற்றோர் சந்தேகப்பட்டார்கள். செப்டம்பரில் நாடாளுமன்றக் குழு விசாரணை நடந்தது. 1975இல் பீட்டர் கான்ராட் ‘பிறழ்வு மருத்துவமயமாதல்’ என்ற கோட்பாட்டை இந்த நோயை வைத்தே எழுதினார். ஃபூக்கோவின் சிறைச்சாலை நூல் பிரெஞ்சில் வந்ததும் அதே ஆண்டுதான். நம் கைக்கு வந்து சேர்ந்த விமர்சனக் கருவிகள் இவை. இவற்றின் பெறுமதியை நான் குறைக்கவில்லை. எதைக் கேள்வி கேட்க மறந்தன என்பதைத்தான் கேட்கிறேன்.

முதலில், மருந்து குறித்து அவை காட்டிய அக்கறை மருந்தின் வேலையை அறிந்துகொள்ளும் ஆவலாக வளரவில்லை. ஊக்க மருந்து துள்ளும் பிள்ளையை அமைதியாக்குவது விசித்திரம், அதுவே நோய்க்கு அத்தாட்சி என்று மருத்துவர்கள் நாற்பது வருஷம் சொல்லிவந்தார்கள். 1978இல் ஜூடித் ராபபோர்ட் குழுவினர் எந்தக் கோளாறும் இல்லாத 14 சிறுவர்களுக்கு அதே வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் அமைதியானார்கள், அவர்களுக்கும் கவனம் கூடியது. அதாவது மாத்திரை கேட்கிறது என்பதால் நோய் இருக்கிறது என்று ஆகிவிடாது. எந்தத் தத்துவவாதியின் கட்டுடைப்பையும் விட இந்தச் சின்னப் பரிசோதனை அதிகம் உடைத்தது. செய்தவர் அரசாங்க மனநல நிறுவனத்தின் மருத்துவர்.

இரண்டாவது, நீண்டகாலக் கணக்கு. நோயின் மையம் துள்ளல் அல்ல, கவனம்தான் என்று மாண்ட்ரியாலின் வர்ஜீனியா டக்ளஸ் 1972இல் வாதிட்டதன் பின், 1980இல் அமெரிக்க மனநோய்க் கையேட்டில் கவனக்குறைவுக் கோளாறு என்ற பெயர் ஏறியது. இன்றைய பெயரின் வடிவம் 1987இல். 1999இல் வெளியான பெரிய ஆய்வில் 579 குழந்தைகள். மருந்து, நடத்தைப் பயிற்சி, இரண்டும் சேர்ந்து, ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சை என நான்கு பிரிவுகள். 14 மாத முடிவில் கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து முக்கிய அறிகுறிகளைக் குறைப்பதில் முன்னால் நின்றது. மூன்றாவது ஆண்டுக் கணக்கு 2007இல் வந்தபோது நான்கு பிரிவுகளுக்கும் வேறுபாடு இல்லை. 14 மாதத்துக்குப் பின் அவரவர் விருப்பப்படி சிகிச்சையை மாற்றிக்கொண்டார்கள் என்பதால் மருந்து தோற்றது என்று இதைப் படிக்கக் கூடாது. 2018இல் 133 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், குறுகிய காலத்தில் குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட் பலன் தருகிறது என்றே சொன்னார்கள். பன்னிரண்டு வாரங்களுக்கு அப்பால் சான்று மிகக் குறைவு என்றும் சொன்னார்கள். ஆக, மாத்திரை வேலை செய்யவில்லை என்று மேடையில் பேசுவது பொய். அது வாழ்க்கையையே மாற்றிவிடும் என்று விற்பதும் பொய்தான்.

சாட்சியிடம் வருவோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2012இல் ஒரு ஆய்வு வந்தது. அங்கே வகுப்பில் சேர்க்கும் கடைசித் தேதி டிசம்பர் 31. ஜனவரியில் பிறந்தவன் வகுப்பில் மூத்தவன், டிசம்பரில் பிறந்தவன் ஏறக்குறைய ஒரு வருஷம் இளையவன். டிசம்பர்ப் பையன்களுக்கு இந்த நோய் இருப்பதாக முடிவு செய்யப்படுவது ஜனவரிப் பையன்களைவிட 30 சதவீதம் அதிகம். பெண் குழந்தைகளில் 70 சதவீதம். மரபணுவுக்குக் காலண்டர் தெரியாது. சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக இருந்தது வகுப்பறையில் நோயாகத் தெரிந்திருக்கிறது. இரட்டையர் ஆய்வுகள் இந்தக் கோளாறில் மரபின் பங்கு முக்கால் அளவுக்கு இருக்கும் என்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. இரண்டும் ஒரேசமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒரு இடைக்குறிப்பு. நம் மரபில் கவனத்துக்கு ஒரு கலை இருந்தது: அவதானம். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு செயல்களில் கவனம் வைத்துச் சதாவதானி ஆனார். ஒன்றிலேயே ஊன்றாமல் ஒரே அமர்வில் நூறிடம் போய்த் திரும்புவதே அங்கே பெருமை. இதைச் சொல்லி அடங்காத பிள்ளைகள் எல்லாம் அவதானிகள் என்று நான் கதைவிடப் போவதில்லை; அந்த ரொமாண்டிசிசம் வேண்டாம். கவனம் என்பது எல்லாக் காலத்திலும் ஒரே பொருளல்ல என்பதற்கு மட்டும் இது.

இனி ஈயம். 1972இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆலிவர் டேவிட் என்ற மருத்துவரும் சகாக்களும் மிகை இயக்கமுள்ள குழந்தைகளின் உடலில் ஈயம் கூடுதலாக இருப்பதை லான்செட்டில் எழுதினார்கள். 1979இல் வெளியான ஆய்வுக்காக ஹெர்பர்ட் நீடில்மன், பாஸ்டன் அருகே செல்சியிலும் சோமர்வில்லிலும் முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். ரத்தத்தில் ஈயம் சில வாரங்களில் குறைந்துவிடும், பல்லில் தங்கும். பல் ஒரு ஆவணக்காப்பகம். பிறகு 2,146 குழந்தைகளைப் பற்றி அவர்களுடைய டீச்சர்களிடம் ஒரு படிவம் கொடுத்தார்: கவனம் சிதறுகிறதா, தொடங்கியதை முடிக்கிறானா, பகல்கனவு காண்கிறானா, சொன்னதைச் செய்கிறானா. பல்லில் ஈயம் ஏற ஏற, பாதகமான பதில்கள் படிப்படியாக ஏறின. இவர்கள் ஈய நஞ்சு என்று மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகள் அல்ல. சாதாரணமாகப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தவர்கள்.

சாட்சி அதே டீச்சர். கேள்விகளும் கிட்டத்தட்ட அவைதான். ஒரு வரலாற்றில் அந்தப் பதில்கள் மருந்துச் சீட்டுக்கு இட்டுச் சென்றன. இன்னொன்றில் சுவர்ச் சாயத்துக்கும் பெட்ரோல் பங்குக்கும் இட்டுச் சென்றன. முதலாவதற்கு மருந்து நிறுவனங்களின் ஆதரவு உண்டு. இரண்டாவதற்குக் கிடைத்தது வேறு. பெட்ரோலில் ஈயம் கலந்து விற்பது 1923இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே நியூ ஜெர்சி ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் புத்தி பேதலித்து இறந்தார்கள். அப்போதும் விற்பனை நிற்கவில்லை. அப்படிப்பட்ட தொழிலோடு நீடில்மன் மோதினார். 1991இல், ஈய நிறுவனத் தரப்பில் நிபுணர் சாட்சிகளாக இருந்த இரு உளவியலாளர்கள் அவர்மேல் அறிவியல் மோசடிப் புகார் கொடுத்தார்கள். விசாரணையை மூடிய அறையில் நடத்தக் கூடாது, எல்லார் முன்னிலையிலும் நடத்துங்கள் என்று அவர் போராடிப் பெற்றார். 1992இல் நடந்த திறந்த விசாரணையில் மோசடி எதுவும் இல்லை என்று தீர்ந்தது.

அதற்குள் ஈயத்தின் பக்கம் காற்று மாறிவிட்டிருந்தது. அமெரிக்காவில் வீட்டுச் சாயத்தில் 1978இல் தடை. பெட்ரோலில் படிப்படியாகக் குறைப்பு. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கர் ரத்தத்தில் டெசிலிட்டருக்குச் சராசரி 12.8 மைக்ரோகிராமாக இருந்த ஈயம், 1991 வாக்கில் 2.8க்கு இறங்கியது. ‘மூளை நலம்’ என்று இன்று மாத்திரை, மீன் எண்ணெய், புதிர் விளையாட்டு என்று கடை பரப்புகிறார்கள். மூளை நலத்துக்காகச் செய்யப்பட்ட மிகப்பெரிய காரியம் இதுதான் என்பது என் எண்ணம். எந்த மருத்துவமனையிலும் அது நடக்கவில்லை. உள்ளே போன ஈயத்துக்கு வைத்தியம் உண்டா என்றும் பார்த்தார்கள். 780 குழந்தைகளிடம் ஈயத்தை வெளியேற்றும் மருந்தைச் சோதித்த ஆய்வு 2001இல் வெளியானது. ரத்தத்தில் ஈயம் குறைந்தது. அறிவுத்திறனிலும் நடத்தையிலும் முன்னேற்றம் இல்லை.

ஈயம்தான் இந்தக் கோளாறின் காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பல காரணங்களில் அது ஒன்று. ஆனால் நம் விமர்சகர்கள், இந்த நோயே ஒரு சொல்லாடல் கட்டமைப்பு என்று நிறுவுவதில் காட்டிய உழைப்பில் பத்தில் ஒரு பங்கை இதன்மேல் காட்டியதில்லை. காரணம் புரிகிறது. மூளை என்று பேசினால் மருத்துவத்தோடு சேர்ந்துவிட்டதாக ஒரு கூச்சம். மூளை என்ற சொல்லை மருந்து நிறுவனத்திடம் அப்படியே விட்டுக்கொடுத்துவிட்டு, அதிகாரம் என்ற சொல்லை மட்டும் நாம் வைத்துக்கொண்டோம். சுவரில் சுண்ணாம்போடு உதிர்கிற ஈயம் எந்தச் சொல்லாடலுக்கும் காத்திருப்பதில்லை. அது யாருடைய சுவரில் அதிகம் உதிரும், எந்தச் சாலையோரத்துப் பிள்ளை அதிகம் சுவாசிக்கும், பழைய பேட்டரிகளை உருக்குகிற பட்டறை யார் தெருவில் இருக்கும் என்பவை அதிகாரம் பற்றிய கேள்விகள் இல்லையா?

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரியில். வீட்டுச் சாயத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முன் பூசிய சுவர்களைப் பற்றி அந்த விதி பேசவில்லை. இந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவே, 2009இல், சென்னைக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று சர்வதேச இதழில் வந்தது. 3 முதல் 7 வயதுவரை 756 பிள்ளைகள். ரத்தத்தில் ஈயம் சராசரி 11.4 மைக்ரோகிராம், அதாவது அமெரிக்கா முப்பது வருஷம் முன்பு இருந்த இடம். ஈயம் கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும் பழகுவதில் சிக்கலும் கவனக்குறைவு மிகைஇயக்க மதிப்பெண்ணும் கூடியிருந்தன. மதிப்பெண் போட்டவர்கள் அந்தப் பிள்ளைகளின் டீச்சர்கள். அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட படிவங்களில் ஒன்று, பால்டிமோரில் மருந்தாய்வுக்காக கானர்ஸ் எழுதிய 39 வரிகள்.